எரிச்சலின் இலக்கணம்

நாவலூர் சிக்னலிலிருந்து தாழம்பூர் போகும் வழியில் ஒரு காலிமனை. அதன் சுற்றுச்சுவரில் வெள்ளையடித்து, நீல எழுத்தில் எச்சரித்திருக்கிறார்கள்: 'இந்த சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்.' நான்கு சொற்கள், இரண்டு பிழைகள்.

என்னோடு நடந்துவந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 'சுவற்றில்' என்பதைப் படித்ததும் முகம் சுளித்தார். சுவர் ரகர மெய்யில் முடியும் சொல், உருபு சேர்ந்தால் 'சுவரில்' என்றே ஆகும், ஆறு, கிணறு, வயிறு போல 'று'வில் முடியும் சொற்களுக்கு உரிய இரட்டிப்பை இதற்குக் கொடுப்பது தவறு என்று அங்கேயே நின்று விளக்கினார். விளக்கத்தில் குறையில்லை. ஆனால் அதற்கு முன்னால் இருந்த 'இந்த' அவர் கண்ணில் படவேயில்லை. அந்த, இந்த, எந்த ஆகிய மூன்றின் பின்னும் வல்லினம் மிகும். 'இந்தச் சுவர்' என்றுதான் எழுத வேண்டும். தமிழ்ப் புணர்ச்சியில் இவ்வளவு உறுதியான விதிகள் சிலவே. 'சுவற்றில்' ஒரு சொல்லோடு முடிந்துபோகும் சறுக்கல். 'இந்த சுவர்' ஒரு விதியையே கைவிட்டதன் அடையாளம். சிறியது எரிச்சலூட்டியது, பெரியது தப்பித்துக்கொண்டது.

இந்த ஏற்றத்தாழ்வைத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது. பிழைகளைப் பட்டியலிட்டவர்கள் தமிழில் ஏராளம். பிழைகள் எழுப்பும் எரிச்சலை ஆராய்ந்தவர்கள் குறைவு. எரிச்சல் என்பதும் ஒரு மதிப்பீடுதான், அதற்கும் அளவுகோல் வேண்டும். குற்றம் சாட்டப்படும் வடிவம் பொருளைக் கெடுக்கிறதா? கெடுக்காவிட்டால், மொழியின் அமைப்பிலுள்ள ஒழுங்கையாவது குலைக்கிறதா? அதுவும் இல்லையென்றால், எழுத்தறிந்தோர் நெடுங்காலம் காத்துவந்த வழக்குக்கேனும் மாறாக நிற்கிறதா? மூன்றுக்கும் 'இல்லை' என்று விடை வந்தால், எஞ்சுவது எரிச்சல்படுபவரின் பள்ளிக்கூட நினைவு மட்டுமே. அதைச் சான்றாக ஏற்க முடியாது.

சான்றுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரைப் போல எல்லா மாவட்டத்தாரும் கூடிப் பிழைக்கும் ஊர் குறைவு. 2023 அக்டோபரில் சுங்கம் வசூலிப்பது நின்றுபோன பின்னும் 'டோல்கேட் பக்கத்தில்' என்றே முகவரி சொல்லும் ஊர் இது. கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு எதிரே தள்ளுவண்டிகள், மெஸ்கள், விடுதிகள், செல்போன் பழுதுபார்க்கும் கடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. கடையின் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் மேலோங்கியும் இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகள் சொல்கின்றன. அந்தத் தமிழ் பிழையற்றதாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

ஆகவே 'மீன் குளம்பு' கிடைக்கிறது. குளம்பு மாட்டின் காலில் இருப்பது. மீனுக்குக் காலே இல்லை. இரண்டு கடை தள்ளி 'கோழிக் கரி'. சில நாள் அடுப்பைப் பார்த்தால் அந்த எழுத்துக்கூட்டலும் சரிதானோ என்று தோன்றும். விடுதி வாசலில் 'அரை வாடகைக்கு'. அறையைச் சொல்கிறாரா, பாதி வாடகையைச் சொல்கிறாரா என்று புதிதாக வேலைக்கு வந்த இளைஞர் ஒரு கணமாவது நின்று யோசிப்பார். தோண்டிப்போட்ட சாலையோரத் தகரத் தடுப்பு ஒன்றில் 'தடங்களுக்கு வருந்துகிறோம்' என்றிருந்தது. தடங்கலுக்கு வருந்த வந்தவர்கள் காலடிச் சுவடுகளுக்கு வருந்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இவற்றைக் கண்டு வரும் எரிச்சல் நியாயமானதா? இடத்தைக் கொண்டு பொருள் விளங்கிவிடுகிறது, யாரும் மீனுக்குக் குளம்பு தேடப் போவதில்லை என்று வாதிடலாம். வாதம் பாதிதான் செல்லும். கரி, கறி, அரை, அறை, குளம்பு, குழம்பு, விலை, விளை, விழை: இங்கெல்லாம் ஒற்றை எழுத்தின் மேல் சொல்லின் அடையாளமே நிற்கிறது. பேச்சில் நம்மில் பெரும்பாலோர் ரகர றகர வேறுபாட்டை இழந்துவிட்டோம். குமரி மாவட்டத்தார் சிலர் நாவில் இன்னும் வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அதைக் காப்பது எழுத்து ஒன்றுதான். அதுவும் போனால் வேறுபாடு எங்கும் இல்லாமல் போகும். எனவே இந்த வகை முழுக்க முழுக்கப் பிழை, எரிச்சலும் தகும்.

ஆனால் இந்தப் பிழைக்கு ஓர் ஊர் உண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தென்மாவட்டப் பேச்சில் ழகரம் ளகரமாகிறது. சென்னையிலும் வடக்கேயும் யகரமாகிறது: 'வாயப்பயம்'. அப்படியும் சென்னைக்காரர் பலகையில் 'வாயப்பயம்' என்று எழுதிவிடுவதில்லை. அது கொச்சை என்று சிறுவயதிலேயே கேலி கேட்டு வளர்ந்தவர் அவர், எழுதும்போது விழித்துக்கொள்கிறார். தெற்கத்தியாருக்கு அந்தக் காவல் இல்லை. ளகரமும் மதிப்பான எழுத்துதானே, கை சந்தேகப்படாமல் எழுதிவிடுகிறது. 'மீன் குளம்பு' என்ற பலகையை வைத்துச் சமையல்காரரின் ஊரை வைகைக்குத் தெற்கே ஊகிக்கலாம். ஊகம் தவறினாலும் சாப்பாட்டுக்கு மோசமில்லை.

கைப்பேசி இதில் புதிதாக ஒரு சிக்கலைச் சேர்த்திருக்கிறது. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. ஒவ்வோர் உயிருக்கும் மெய்க்கும் தனி விசை. ஆனால் ஊரார் தட்டுவது ஆங்கில எழுத்தில். அதைத் தமிழாக்கிக் கொடுப்பது இயந்திரம். ஆங்கிலத்தின் ஒரே எழுத்து நகரத்துக்கும் னகரத்துக்கும் ணகரத்துக்கும் பொது, இன்னொன்று ரகரத்துக்கும் றகரத்துக்கும் பொது. எது வேண்டும் என்பதை இயந்திரம் பரிந்துரைக்கிறது, அவசரத்தில் இருப்பவர் முதலில் வருவதைத் தொடுகிறார். சொல்லிச் சொல்லித் தட்டச்சிடுபவருக்கும் இதே கதிதான். காதுக்கு ஒன்றாகிவிட்ட எழுத்துகளை இயந்திரம் எப்படிப் பிரிக்கும்?

இதே குடும்பம்போலத் தோன்றினாலும் நகர னகரக் குழப்பத்தை நான் வேறு தட்டில் வைக்கிறேன். இன்றைய தமிழில் இரண்டுக்கும் ஒலி ஒன்று. நகரம் சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் வரும், மற்ற இடங்களில் பெரும்பாலும் னகரம். ஒன்று வரும் இடத்தில் மற்றது வருவது அரிது என்பதால், மாற்றி எழுதினாலும் பொருள் மயங்குவது குறைவு. 'இயக்குனர்' என்று எழுதினால் வேறு யாரையும் நினைத்துவிட மாட்டோம். கெடுவது சொல்லின் உறுப்பு. இயக்கு, ஓட்டு, பெறு என்ற வினைகளோடு 'நர்' சேர்ந்து இயக்குநர், ஓட்டுநர், பெறுநர் ஆகின்றன. உறுப்பினர் என்பதில் இருப்பது 'இனர்'. இந்த வேறுபாட்டை அறிந்தவர் கண்ணுக்கு 'இயக்குனர்' உறுத்தும், உறுத்த வேண்டியதுதான். ஆனால் 'அரை வாடகைக்கு' உறுத்தும் அளவுக்கு உறுத்துகிறது என்றால் அளவுகோல் கோணிவிட்டது. விலக்காகச் சில உண்டு. 'தேனீர்' என்றால் தேன் கலந்த நீர். 'முன்னூறு' என்றால் முந்தைய நூறு. தேநீருக்கும் முந்நூறுக்கும் கண்டிப்புக் காட்டலாம்.

இனி, வாரந்தோறும் யாராவது யாரையாவது திருத்திக்கொண்டிருக்கும் அந்தச் சொல்: வாழ்த்துக்கள்.

குற்றச்சாட்டு இரண்டு வகையில் வருகிறது. முதலாவது கேலி. 'கள்' என்று அழுத்திச் சொன்னால் பனையிலிருந்து இறக்குவது ஆகிவிடுமாம். பூக்கள், ஈக்கள், பசுக்கள், தெருக்கள் என்றெல்லாம் கேலி செய்பவரும் எழுதுகிறார். பூவில் கள் வடிவதாக அவர் புகார் சொல்லக் காணோம். ஒரே அமைப்பில் ஓரிடத்தில் மட்டும் கள் மணக்கிறது என்றால் கோளாறு மூக்கில்தான்.

இரண்டாவது வாதத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். பூ, ஈ போன்ற நெடில் ஓரெழுத்துச் சொற்களிலும், பசு, தெரு போன்ற முற்றியலுகரச் சொற்களிலும் ககரம் மிகும். குற்றியலுகரத்தில் மிகுவதில்லை: நாடுகள், ஆறுகள், பந்துகள், மார்புகள். வாழ்த்து, எழுத்து, கருத்து ஆகியவையும் குற்றியலுகரமே. ஆகவே வாழ்த்துகள், எழுத்துகள், கருத்துகள். ஒழுங்கு என்ற வகையில் இது அழகான வாதம், நானும் இப்படித்தான் எழுதுகிறேன்.

ஆனால் எதிர்த்தரப்பு வெறுங்கையோடு நிற்கவில்லை. இவை வெறும் குற்றியலுகரம் அல்ல, வன்தொடர்க் குற்றியலுகரம். குற்றியலுகர வகைகளுக்குள் வல்லினத்தை மிகுவிப்பதில் முன்நிற்பது இதுவே: பத்துப்பாட்டு, எழுத்துப்பிழை, பாக்குத்தோப்பு. சொல்லோடு சொல் சேரும்போது மிகுவது, விகுதி சேரும்போது ஏன் மிகாது என்று கேட்டால், விகுதி தனிச்சொல் அன்று என்ற விடையைத் தவிர வேறில்லை. பூக்களிலும் விகுதிதான், அங்கே மிகுகிறதே? செவியும் இவர்கள் பக்கம். உயிருக்கு நடுவே ஒற்றைக் ககரம் தமிழில் மெலிந்து ஒலிக்கும். பலர் வாழ்த்துச் சொல்லும்போது அந்த இடத்தை வலித்தே ஒலிக்கிறார்கள். ஒலித்ததை எழுதினார்கள். பொருள் கெடவில்லை, அமைப்புக்குள் ஆதாரம் இருக்கிறது, வழக்கும் இருக்கிறது. இங்கே 'பிழை' என்ற சொல்லைப் பயன்படுத்துவதுதான் பிழை. வாழ்த்துகள் சீரான தேர்வு, வாழ்த்துக்கள் ஏற்கத்தக்க தேர்வு. ஒரே பக்கத்தில் இரண்டும் மாறிமாறி வந்தால் அந்த ஆசிரியரைக் கடிந்துகொள்ளலாம்.

இதற்குப் பக்கத்திலேயே திருத்துவோர் அதிகம் தொடாத ஒன்று கிடக்கிறது. சொல், கல், முள் ஆகியவை சொற்கள், கற்கள், முட்கள் ஆகும். தனிக்குறிலை அடுத்த லகர ளகர மெய் திரிகிறது. நெடிலை அடுத்தால் திரிவதில்லை: கால்கள், வேல்கள், தோள்கள். இரண்டு மூன்று எழுத்துகளை அடுத்தாலும் அப்படியே: விரல்கள், கடல்கள். இந்த ஒழுங்கின்படி நாள்கள், பொருள்கள் என்பவையே நேர். 'நாட்கள்', 'பொருட்கள்' பரவலானவை, ஆனால் 'தோட்கள்' என்று யாரும் எழுதாதபோது 'நாட்கள்' ஏன் என்பதற்கு ஒழுங்கான விடை இல்லை. நீண்ட வழக்கு என்ற ஒரே பலத்தில் அது நிற்கிறது. வாழ்த்துக்களைவிட நாட்கள் பலவீனமான வழக்கு. எரிச்சலோ தலைகீழாக விநியோகமாகியிருக்கிறது. அச்சுக்குப் போகும் படியில் நாட்களைத் திருத்துவேன், நண்பர் கடிதத்தில் திருத்த மாட்டேன்.

மற்ற வழக்குகளைச் சுருக்கமாக முடிக்கலாம். உயிரெழுத்தின் முன் 'ஓர்' வரவேண்டும் என்பது பழைய விதி, அதைப் பேணுவது நல்ல நடை. ஆனால் 'ஒரு ஊர்' என்று எழுதியவரைக் குற்றவாளியாக்குபவர், அதே விதியின் உடன்பிறப்பான 'அஃது ஊர்' என்பதைத் தன் எழுத்தில் எப்போது கடைசியாகப் பயன்படுத்தினார்? விதியில் பாதியை மறந்தவர் மீதியைக் காட்டி அதட்ட முடியாது. 'கோவிலா, கோயிலா' என்பதில் புணர்ச்சி விதி முதலாவதைத் தருகிறது, நெடுங்கால வழக்கு இரண்டாவதைத் தருகிறது, இரண்டும் சரி. நிறத்துக்குக் 'கருப்பு', சினத்துக்குக் 'கறுப்பு' என்று பங்கு பிரித்துக் கொடுப்பவர்கள் தொல்காப்பிய உரியியலைப் பாதியில் மூடிவிட்டார்கள். கறுப்பும் சிவப்பும் சினத்தைக் குறிக்கும் என்ற நூற்பாவை அடுத்து, நிறத்துக்கும் அவை உரியவை என்று தொல்காப்பியரே சொல்கிறார். 'அவன் அல்லன், நான் அல்லேன், அது அன்று, அவை அல்ல' என்ற பகுப்பு அழகானது. இன்றைய உரைநடையில் 'அல்ல' எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. வேறு, இல்லை, உண்டு ஆகிய மூன்றும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று நன்னூல் ஏற்றுக்கொண்டது. நான்காவதாக ஒரு சொல் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டதற்கு முன்மாதிரி இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது.

'அருகாமை' மட்டும் எனக்குச் செல்லமான வழக்கு. அறியாமை, கல்லாமை போல இதுவும் எதிர்மறைத் தொழிற்பெயர். அருகில் இல்லாமை என்றே பொருள் கொள்ளத் தோன்றும். அண்மை என்பதே சரி. 'சிறுசேரி சிப்காட்டுக்கு மிக அருகாமையில் வீட்டுமனைகள்' என்ற விளம்பரத்தை நம்பி, கேளம்பாக்கம் தாண்டியும் போய்க்கொண்டே இருந்தவர்களைக் கேளுங்கள். இலக்கணப்படி அந்த விளம்பரத்தில் பொய் ஒன்றுமில்லை.

நம் எரிச்சல் இப்படிக் கோணியதற்குக் காரணத்தையும் இந்தப் பக்கத்திலேயே தேடலாம். பல்லாவரம் இங்கிருந்து தூரமில்லை. வேதாசலமாகப் பிறந்து மறைமலையடிகளானவர் அங்கே வாழ்ந்துதான் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அவருக்கு முன்பே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த சூரியநாராயண சாஸ்திரி தம்மைப் பரிதிமாற் கலைஞர் என்று பெயர்த்துக்கொண்டார். அந்தக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. அவர்கள் சாதித்தது பெரிது. வழக்கொழிந்து கிடந்த சொற்களை மீட்டார்கள், தமிழில் எதையும் சொல்ல முடியும் என்ற துணிவைத் தந்தார்கள். அந்த மரபை மேலோட்டமாகப் பெற்றவர்களிடம் ஒரு குழப்பமும் தங்கிவிட்டது: பிறமொழிச் சொல்லையும் பிழையையும் ஒன்றாக்கிப் பார்ப்பது. 'பஸ்' என்று எழுதினால் அது பிறமொழிச் சொல், பிழையில்லாத சொல். 'பேரூந்து' என்று எழுதினால் அது தமிழ்ச் சொல், பிழையான சொல். பேர், உந்து இரண்டும் சேர்ந்தால் பேருந்துதான். தமிழ்ப்பற்றோடு நெடிலாக்கிய பலகையைவிட, 'பஸ் நிற்கும் இடம்' என்று சுண்ணாம்பில் கிறுக்கிய பலகைக்கு எழுத்துத் தேர்வில் மதிப்பெண் கூடுதல்.

எழுத்து வடிவத்தையும் இலக்கணத்தையும் குழப்புவது இன்னொரு வகை. பெரியார் 1935இலேயே 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய வடிவங்களுள் ணா, றா, னா, லை, ளை உள்ளிட்ட பதின்மூன்றை 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. துதிக்கை வைத்த 'லை'யைப் பலகையில் எழுதிப் பழகிய ஆசிரியர்கள் அடுத்த ஆண்டுகளில் மாற்றி எழுதினார்கள். மொழி குலையவில்லை. வடிவம் உடன்படிக்கை, ஓர் ஆணையால் மாறும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள உறவை எந்த ஆணையாலும் மாற்ற முடியாது. எது மாறத்தக்கது, எது மாறத்தகாதது என்ற இந்த வேறுபாடு இல்லாமல் பிழை திருத்துவது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பது.

கையேடுகள் இந்த வேறுபாட்டைக் கற்பித்தனவா? அ. கி. பரந்தாமனாரின் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' தலைமுறைகளுக்கு வழிகாட்டிய நூல். ஒற்று மிகும் இடம், மிகா இடம், நிறுத்தக்குறி, சொற்றொடர் என்று எடுத்துக்காட்டோடு கற்பிக்கும் பொறுமையில் அதற்கு இணை சிலவே. சரி, தவறு என்ற இரண்டே கட்டத்தில் உலகை நிறுத்துவது அந்த வகை நூல்களின் இயல்பு. கற்பவருக்கு அது வசதி, தீர்ப்பளிப்பவருக்குப் போதாது. 1992இல் முதல் பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும், மொழி அறக்கட்டளையின் 'தமிழ் நடைக் கையேடு'ம் எதிர்த்திசையிலிருந்து வந்தன. எழுதப்படுவதைக் கவனித்து, அதிலிருந்து நெறியை எடுத்தன. முறையில் இவை முன்னேற்றம். ஆனால் வழக்கைப் பதிவு செய்வது ஒரு வேலை, வழக்கை எடைபோடுவது வேறு வேலை. முதல் மரபு எல்லாப் பிழையையும் ஒரே எடையில் நிறுத்தது, இரண்டாவது நிறுப்பதில் தயக்கம் காட்டியது. இடையில் இருந்த வெற்றிடத்தை எரிச்சல் நிரப்பிக்கொண்டது.

அந்த எரிச்சல் செய்த கேடு ஒன்றுண்டு. ஒற்று விட்டால் திட்டு விழும் என்று பயந்தவர்கள் ஒற்றை எங்கும் தூவத் தொடங்கிவிட்டார்கள். 'நல்லத் தமிழ் பேசுவோம்' என்று ஒரு விழாப் பதாகையில் பார்த்தேன். பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகாது: நல்ல தமிழ், பெரிய கடை, வந்த பேருந்து. ஒற்றை விட்டவர் விதியை மறந்தவர். ஒற்றைத் தூவியவர் விதியை அஞ்சியவர். முன்னவரை ஒரு பாடத்தில் திருத்தலாம், பின்னவர் திருத்தப்பட்டதால்தான் இப்படி ஆனார். உண்மையில் ஒற்று எங்கே உயிர்நாடி என்று பாருங்கள்: 'வேலை கொடுத்தார்' என்றால் பணி தந்தார், 'வேலைக் கொடுத்தார்' என்றால் முருகன் கையிலிருப்பதைத் தந்தார். இரண்டாம் வேற்றுமை ஐகாரத்துக்குப் பின்னும், நான்காம் வேற்றுமைக் குகரத்துக்குப் பின்னும், சுட்டுக்குப் பின்னும் ஒற்றைக் காப்பாற்றினால் பெரும்பகுதி காப்பாற்றிவிடலாம். 'வாடகைக்கு கிடைக்கும்' என்று இந்தச் சாலை நெடுகத் தொங்கும் அட்டைகள் அந்தக் காப்பு இல்லாதவை.

இவ்வளவும் எழுத்துப் பிழைகள். இவற்றைச் செய்தவர் பெரும்பாலும் தூரிகை பிடித்தவர், மளிகைக்காரர், மெஸ் நடத்துபவர். இவர்களைவிட நன்றாகப் படித்தவர்கள், நல்ல சம்பளத்தில், எழுத்துப் பிழையே இல்லாமல் செய்யும் பிழைக்கு வருகிறேன்.

ஒரு மாலை வாடகை வண்டிக்காகக் காத்திருந்தேன். செயலி தமிழில் அறிவித்தது: 'உங்கள் ஓட்டுநர் வந்துவிட்டது.' ஓட்டுநர் என்பதில் நகரம் சரியாக இருந்தது. ஒற்றிலும் குறையில்லை. எந்தத் திருத்துநரும் ஓர் எழுத்தையும் தொட முடியாது. ஆனால் ஆள் அஃறிணையாகிவிட்டார். தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குவதே உயர்திணை, அஃறிணைப் பகுப்பில்தான்; தமிழ் வாக்கியத்தின் அடித்தளம் அது. வெயிலில் வண்டியோட்டி வந்த ஒரு மனிதரைப் பார்சலோடு பார்சலாக அறிவிப்பது, மீன் குளம்பைவிட எத்தனை மடங்கு கடுமையான பிழை என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

காரணம் தெரியாததல்ல. இந்த வாக்கியங்கள் எழுதப்படுவதில்லை, பொருத்தப்படுகின்றன. 'உங்கள் ___ வந்துவிட்டது' என்று ஓர் அச்சு. கோடிட்ட இடத்தில் உணவும் விழும், ஓட்டுநரும் விழுவார். வினைமுற்றில் திணையையும் பாலையும் காட்டாத மொழியில் இந்த அச்சு வேலை செய்யும். தமிழில் செய்யாது. ஊர்ப்பெயரும் இதே அச்சில் நசுங்குகிறது: 'தாம்பரம் இல் இருந்து நாவலூர் க்கு'. உருபு சேரும்போது தாம்பரம் தாம்பரத்திலிருந்து ஆக வேண்டும், நாவலூர் நாவலூருக்கு ஆக வேண்டும், கேளம்பாக்கம் கேளம்பாக்கத்துக்கு ஆக வேண்டும். இறுதிக்கேற்ப வடிவம் மாறும். படிக்கட்டில் நின்று 'தாம்பரத்துக்கா? இது போவாது' என்று கத்தும் நடத்துநருக்கு இதில் ஒருபோதும் தடுமாற்றம் வந்ததில்லை. விதியை நிரலாக எழுதிக் கொடுப்பது கடினமுமில்லை. மகர இறுதி, டுகர இறுதி, றுகர இறுதி என்று ஒரு சிறு பட்டியல் போதும். கேட்பார் இல்லாததால் செய்வார் இல்லை.

அலுவலகத் தமிழும் இதில் விலக்கில்லை. 'ஆவணங்கள் இணைக்கப்பட்டுள்ளது' என்பது சாதாரணம். இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். அஃறிணைப் பெயருக்குத் தமிழ் ஒருமை பன்மை பார்த்தே தீர வேண்டும் என்று கேட்பதில்லை. 'மாடு வந்தது, மாடு வந்தன' இரண்டையும் இலக்கணம் ஏற்கும். 'கள்' சேர்க்காமல் 'ஆவணம் இணைக்கப்பட்டுள்ளது' என்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. பன்மை வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டு வினையில் கைவிட்டால்தான் வாக்கியம் இரண்டாக உடைகிறது. பேச்சில் இந்த இயைபு எப்போதோ தளர்ந்துவிட்டது, பேச்சைப் பேச்சாக விடலாம். எழுத்தில், அதுவும் அரசு முத்திரை விழும் எழுத்தில், விட முடியாது.

செயலி நிறுவனத்துக்கு இரண்டு வரியில் குறை எழுதி அனுப்பினேன். ஐந்தாம் நாள் தமிழிலேயே பதில் வந்தது: 'உங்கள் கருத்துக்கள் பெறப்பட்டது. நன்றி.' தமிழாசிரியரிடம் காட்டினேன். கண்ணாடியை உயர்த்திப் படித்தார்.

"கருத்துகள்னு இல்ல இருக்கணும்?" என்றார்.